மகளின் அறை விற்பனைக்கு

தன் பழைய வீட்டையே தான் வாங்கப் போவது அந்த வீட்டை விற்பவர்களுக்குத் தெரியக் கூடாது. டாக்டர் போட்ட முதல் நிபந்தனை அதுதான். அதற்காகத்தான் வீடு பார்க்கத் தான் போகாமல் அண்ணனை அனுப்பினாள். அண்ணனை அனுப்புவதற்குப் பதில் நீயே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம் என்று அண்ணி அன்றே சொன்னாள். அண்ணிக்குத் தன் கணவரைத் தெரியும்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். நீரோரம் வரிசையாக எழும்பி நிற்கும் கட்டடங்களில் மிக உயரமான ஒன்றில், இருபத்தேழாவது மாடியில் அவள் குடித்தனம் நடத்தியவள். அந்த வீட்டின் ஒவ்வொரு கைப்பிடியையும் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தவள். ஐந்து வருடத்துக்கு முன் விவாகரத்து ஆனபோது தன் பங்குக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளினிக் வைத்தாள். வீடு கப்பல் அதிகாரியான முன்னாள் கணவனுக்குப் போனது. மகளும் அவனோடு போனாள்.

வீடு போனதில் அவளுக்கு வருத்தம் உண்டு. மகள் போனதை அவளால் செரிக்கவே முடியவில்லை. பத்து வயதுப் பெண்ணை நீதிபதி கோர்ட்டில் தனியாகக் கூப்பிட்டு, யாரோடு இருக்க ஆசை என்று கேட்டாராம். “என் ரூம விட்டு நான் வரமாட்டேன்” என்று அவள் சொன்னாளாம். அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை டாக்டர் ஐந்து வருடமாகப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அந்த அறையை அமைத்தவள் டாக்டர்தான். தரையிலிருந்து கூரை வரை ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியை ஒட்டிக் கட்டில். கண் விழித்தால் தண்ணீரும் வானமும் மட்டும்தான் தெரியும். அப்படி ஓர் அறையை விட்டு எந்தக் குழந்தை வரும்?

அதனால்தான், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது, முகமூடியைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள். மூலை வீடு, மூன்று படுக்கையறை, நீரைப் பார்த்த பால்கனி, கீழே ஒரு புரோக்கரம்மாவின் போன் நம்பர். மூன்றாவது படத்தில் மகளின் அறை இருந்தது.

அறையை வாங்கினால் மகள் தன்னால் வருவாள். அண்ணனிடம் அவள் சொன்ன கணக்கு இவ்வளவுதான்.

“கிணத்த வாங்கினா உள்ள இருக்கற தவளையும் உன்னோடதா?” என்றார் அண்ணன்.

“உன்னால முடியுமா, முடியாதா?”

அண்ணனால் முடியாதது எதுவும் உலகத்தில் இல்லை என்பது அண்ணனின் எண்ணம். டயர்க்கடையை அவர் சமீபத்தில்தான் கம்பெனியாக மாற்றியிருந்தார். அந்தக் கம்பெனியின் பெயரை விற்பவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கம்பெனி வாங்குவது போல வாங்கி, பிறகு தங்கை பெயருக்கு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. முன்னாள் கணவன் கப்பலில் இருந்தான். வீட்டை விற்கும் அதிகாரத்தை இரண்டாவது மனைவிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அண்ணனைப் பார்த்ததே கிடையாது.

முதல் தடவை போனபோது அண்ணன் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், உப்புக்காற்றுக்குக் கண்ணாடி மங்காதா என்று கவலைப்பட்டார். விலை படிந்தது, முன்பணமும் கைமாறியது. இரண்டாம் தடவை அலமாரிகளை அளக்கப் போனார். அன்றைக்குத்தான் அவருக்கு அவசரம் வந்தது.

அந்த வீட்டில் விருந்தாளிகளுக்கான குளியலறைக்கு ஒரு கோளாறு உண்டு. வீடு அமைக்கும்போது சுவிட்ச் வரவேண்டிய இடத்தில் ஆட்கள் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த டைல்ஸ், உடைக்கக் கூடாது என்று டாக்டர் பிடிவாதமாக நின்றாள். எலக்ட்ரீஷியன் வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த செருப்பு அலமாரிக்குள் சுவிட்சை வைத்துவிட்டுப் போனார். புதிதாக வருகிறவர்கள் இருட்டில் சுவரைத் தடவித் தடவி, கடைசியில் வெட்கத்தை விட்டுக் கூப்பிடுவார்கள். அண்ணன் கூப்பிடவில்லை. பேசிக்கொண்டே போய் அலமாரியைத் திறந்தார், செருப்புகளுக்குப் பின்னால் கையை விட்டார், விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது டீச்சர் அலமாரிப் பக்கத்தில் நின்றிருந்தாள். முன்னாடி இங்கே வந்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டாள். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் இப்படித்தானே வைக்கிறார்கள் என்றார் அண்ணன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் வீடு வந்து சேருவதற்குள் புரோக்கரம்மாவின் போன் வந்துவிட்டது. சாவி கொடுக்கும் நாளைப் பற்றிப் பேச டாக்டரே நேரில் வர வேண்டுமாம், டீச்சர் சொல்லச் சொன்னாளாம். யார் சார் டாக்டர், நீங்கள் டயர் வியாபாரம் அல்லவா என்று புரோக்கரம்மா குழம்பிப் போய்க் கேட்டாள்.

அண்ணி கணவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

டாக்டர் போனாள். போகாமல் இருக்க அவள் மானம் விடவில்லை. தான் ஐந்து வருடம் குடியிருந்த கட்டடத்தின் வாசலில், யாரைப் பார்க்க, எதற்கு என்று காவலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சட்டையில் வருகையாளர் அட்டையை மாட்டிவிட்டார். கண்ணாடி லிப்ட் ஏறத் தொடங்கியதும் படகுகள் கீழே சுருங்கின. அழகான கட்டடம். எவ்வளவு வெறுத்தாலும் அதை மறுக்க முடியாது.

கதவைத் திறந்தவள் டாக்டர் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். மூக்குக்கண்ணாடி, பருத்திப் புடவை, விரல்களில் சிவப்பு மை. சாப்பாட்டு மேசையில் திருத்தாத விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன. சிரிக்காமலே வாங்க என்றாள். கீழ்வரிசையில் ஒரு பல் கோணல், சிறு வயதிலேயே சரி செய்திருக்க வேண்டியது. அதைப் பார்த்ததில் டாக்டருக்கு ஒரு சின்ன திருப்தி.

“உங்க அண்ணன் நல்ல மனுஷர்” என்றாள் டீச்சர். “நடிக்கத்தான் வரல.”

“வாங்கறவ வீட்டப் பாக்கணும். சுத்திக் காட்டுங்க.”

“உங்களுக்கு நான் சுத்திக் காட்டணுமா?”

“இப்ப உங்க வீடுதானே.”

டீச்சர் முன்னே நடந்தாள். டாக்டர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். சமையலறையைக் கெடுத்து வைத்திருப்பாள், மட்டமான திரைச்சீலை தொங்கும், மரத்தரையைக் கீறி வைத்திருப்பாள் என்று வழி முழுக்க வசவுகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றுகூடச் செலவாகவில்லை. எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. கைப்பிடிகள் பளபளத்தன, திரைச்சீலைகள்கூட அவள் வாங்கியவை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஐந்து வருடமாக ஒருத்தி இங்கே இருந்திருக்கிறாள், இருந்த தடமே இல்லை.

உங்களுக்கென்று ஒரு ரசனையும் கிடையாதா என்று டாக்டர் கேட்டேவிட்டாள்.

டீச்சர் நின்று திரும்பினாள். “இந்த வீட்ல ஒரு ஆணிகூட நான் அடிச்சதில்ல டாக்டர். அடிக்கக் கூடாதுன்னு அவர் சொல்லல. எங்க அடிச்சாலும் அங்க நீங்க ஏற்கனவே எதையாவது ஒட்டி வெச்சிருக்கீங்க. இத விக்கணும்னு சொன்னது நான்தான். தரையில ஒரு வீடு பாத்திருக்கேன். பழசு, ரெண்டே ரெண்டு ரூம். இந்தப் பணம் வந்தாத்தான் அது.”

அப்படியானால் யார் வாங்கினால் உனக்கென்ன, என்னை எதற்கு வரவழைத்தாய் என்று டாக்டர் கேட்டாள். மரியாதை எப்போது நழுவியது என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சர் அதைக் கவனித்தாள், கண்டுகொள்ளவில்லை. மறைந்திருந்து ஒருவர் தன் வீட்டை வாங்குவது தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதும் தெரிய வேண்டுமாம். வகுப்பில் பையன்களிடம் விடை எப்படி வந்தது என்று கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

டாக்டர் மகளின் அறைக் கதவைத் திறந்தாள்.

கண்ணாடிச் சுவரில் மாலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டில் மேல் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்து விடப்பட்டிருந்தது. அதன் மேல் இரண்டு பெட்டிகள். மூலையில் இஸ்திரி மேசை, கண்ணாடியை ஒட்டித் துணி காயப்போடும் கம்பி. ஆள் படுக்காத அறையின் வாடை.

“என் பொண்ணு ரூம்ல இஸ்திரி போடறியா?”

“ஆமா. வெளிச்சம் நல்லா வருது.”

“எதுக்கு வாங்கறேன்னு கேட்டியே, இதுக்குத்தான்” என்றாள் டாக்டர். குரல் உயரக் கூடாது என்று அவள் எவ்வளவு பாடுபட்டாலும் உயர்ந்தது. “ஜட்ஜ்கிட்ட அவ என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாது. அப்பா வேணும்னு சொல்லல. ரூம் வேணும்னுதான் சொன்னா. உன்னையோ அவனையோ நம்பி அவ இங்க நிக்கல, இந்த ரூமுக்காக நிக்கறா. நான் வாங்கறேன். நீங்க ரெண்டு பேரும் தரையில வீடு கட்டிக்கோங்க, பாதாளத்துல கட்டிக்கோங்க. அவ இங்க இருப்பா, என்கூட.”

டீச்சர் கட்டில் மேலிருந்த பெட்டியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்க்காத பக்கமாக உட்கார்ந்தாள்.

“அவ இந்த ரூம்ல படுத்து மூணு வருஷம் ஆச்சு.”

பிறகு, நிறுத்தி நிறுத்தி, சொன்னாள். அவள் கணவர் கரை வேலையை விட்டுவிட்டு மறுபடி கப்பலுக்குப் போன வருடம் அது. டீச்சரும் பெண்ணும் மட்டும்தான் வீட்டில். காற்று பலமாக அடித்தால் இந்த உயரத்தில் கட்டடம் லேசாக ஆடும், எல்லா உயரக் கட்டடமும் ஆடும்தான். ஆனால் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒருநாள் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு போய் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் ஸ்டோரில் அரிசி டப்பாக்களுக்கு நடுவே படுத்திருந்தாளாம். அங்கேதான் ஜன்னலே கிடையாது. டப்பாக்களை எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டார்களாம்.

“சின்ன வயசுலருந்தே பயம்தானாம். நீங்க ஆசையா கட்டினதுன்னு உங்ககிட்ட சொல்லல.”

“பொய்.”

“நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

“ஏன்னா நீ என் பொண்ண ஸ்டோர் ரூம்ல படுக்க வெச்சிருக்க” என்றாள் டாக்டர். “பெத்தவன் கப்பல்ல. கேக்க ஆளில்லன்னு மூட்டையோட மூட்டையா போட்டு வெச்சிட்டு, அதுக்கு ஒரு கதை. கதையில கேக்கற சித்தியெல்லாம் உன்கிட்ட பாடம் படிக்கணும்.”

டீச்சரின் முகம் வெளுத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். அவளுக்கு வலித்ததில் டாக்டர் சந்தோஷப்பட்டாள். இப்போதே வக்கீலைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தாள்.

வாசல் கதவு திறந்தது. சித்தி, ஸ்விம்மிங் பூல்ல பம்ப் ரிப்பேராம், அனுப்பிட்டாங்க என்று சொல்லிக்கொண்டே வந்த குரல் பாதியில் நின்றது.

பதினைந்து வயது. ஈரத்தலை, தோளில் துண்டு, அம்மாவைவிட ஒரு விரற்கடை உயரம். ஒரு சனி விட்டு ஒரு சனி ஏதாவது ஹோட்டல் மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும் பெண்ணை, வெறுங்காலோடு, தன் வீட்டில் நடப்பது போல நடந்து வரும்போது பார்க்க டாக்டருக்கு வேறு யாரோ போல இருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், அம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

டீச்சரே சொன்னாள். வீட்டை வாங்குவது டயர்க் கம்பெனி இல்லை, உன் அம்மா. மேற்கொண்டு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஸ்டோர் ரூம் பேச்சையோ, டாக்டர் வைத வசவையோ அவள் எடுக்கவே இல்லை.

“எதுக்கும்மா?” என்றாள் மகள்.

“உனக்காகத்தான் குட்டி. உன் ரூமுக்காக. நீதானே சொன்ன, ரூம விட்டு வரமாட்டேன்னு.”

மகள் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். முகம் துண்டுக்குள் போய்விட்டது. அதற்குள்ளிருந்துதான் பேசினாள்.

“அப்பாவோட இருக்கேன்னு சொன்னா நீ அப்பாவோட சண்டை போடுவ. உன்னோட வரேன்னு சொன்னா அப்பா உன்னோட சண்டை போடுவார். அதான் ரூம்னு சொன்னேன். சுவத்தோட யாராவது சண்டை போடுவாங்களா?”

துண்டை எடுத்தாள். அழவில்லை. எரிச்சலாக இருந்தாள்.

“நீ அதோடயும் சண்டைக்கு வந்துட்ட.”

டாக்டருக்கு உட்காரத் தோன்றியது. உட்கார அந்த அறையில் டீச்சர் உட்கார்ந்து எழுந்த இடம் மட்டும்தான் இருந்தது. ஸ்டோரில் படுப்பது உண்மையா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் மகள். சித்தி சொன்னாளா அங்கே படுக்க? இல்லை, சித்தி ஹாலில் படுக்கச் சொன்னாள், தனக்குத்தான் அங்கேயும் தூக்கம் வரவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதை டாக்டர் கேட்கவில்லை. எந்தச் சனிக்கிழமை சொல்வாள்? சனிக்கிழமைகள் முழுக்க டாக்டர்தான் பேசினாள், அப்பா செய்த துரோகத்தைப் பற்றி.

போனைப் பைக்குள் போட்டாள். தனக்கு இந்த வீடு வேண்டாம், முன்பணத்தை நீயே வைத்துக்கொள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

“அது முடியாது” என்றாள் டீச்சர்.

“என்னது?”

“இந்த மாடிக்கு ஆள் கிடைக்க ஒரு வருஷம் ஆச்சு. பாக்க வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. நீங்க விட்டுட்டா அந்தத் தரை வீடு கைவிட்டுப் போயிடும். அவ இன்னும் ஒரு வருஷம் ஜன்னல் இல்லாத ரூம்ல படுக்கணும். உங்க கோவத்துக்கு அவ படுக்கணும்.”

“மிரட்டறியா?”

“ஆமா.”

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தாள். கோணல் பல்லும் சிவப்பு மையுமாக, சளைக்காமல் நின்றாள் அந்தக் குள்ளச்சி. வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இவள் தனக்காகக் கேட்கவில்லை என்பது புரிந்தது, புரிந்ததற்காக இன்னும் கொஞ்சம் வெறுத்தாள்.

சமையலறை வழியாகப் போய் ஸ்டோரைப் பார்த்தாள். ஒற்றைக் கட்டில், தலைமாட்டில் ஒரு விளக்கு, சுவரில் நீச்சல் பந்தயப் பதக்கங்கள். பதக்கங்கள் மகளே அடித்தது போலக் கோணலான ஆணிகளில் தொங்கின. வீட்டிலேயே டாக்டர் எதையும் ஒட்டாத சுவர் இதுதான். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் எதிர்ச்சுவரில் இடித்தது. இந்தச் சதுர அடிக்குத் தான் எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. மகள் வேறொருத்தியோடு தரையில் போய் நிம்மதியாகத் தூங்குவதற்கு, மகள் தூங்கவே முடியாத ஒரு கண்ணாடிக் கூண்டைத் தான் வாங்க வேண்டும். அண்ணி கேட்டால் சிரிப்பாள். அண்ணன் சிரிக்க மாட்டார், அவருக்கு விளக்க வேண்டியிருக்கும்.

திரும்பி ஹாலுக்கு வந்து, குறித்த நாளிலேயே பதிவை வைத்துக்கொள்ளலாம் என்றாள். டீச்சர் நன்றி சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தாள்.

“அவன்கிட்ட என் பேரச் சொல்லக் கூடாது.”

“சொல்லுவேன். அவர்கிட்ட எனக்கு ஒளிக்கற பழக்கமில்ல.”

“சொன்னா அவன் விக்கமாட்டான்.”

டீச்சர் யோசித்தாள். “கையெழுத்துப் போட்டுட்டுச் சொல்றேன்.”

அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கீழே வரை வருகிறேன் என்று மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி லிப்டுக்குள் நுழைந்ததும் கதவுப் பக்கம் திரும்பி, மூக்கு இடிக்கும் நெருக்கத்தில் நின்றாள். எப்போதும் அப்படித்தான் நிற்பாள். முதல் ஆளாக ஓடி இறங்க அவசரப்படுகிறாள் என்றுதான் டாக்டர் அந்தக் காலத்தில் திட்டுவாள், நேராக நில் என்பாள். இப்போது அவளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று மகள் கதவைப் பார்த்தபடியே கேட்டாள். விற்றுவிடுவேன் என்றாள் டாக்டர், யாராவது வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகட்டும்.

மாடி எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

“வர்ற சனிக்கிழமை ஹோட்டல் வேண்டாம்” என்றாள் டாக்டர். “என் வீட்டுக்கு வா.” கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை, பல் அச்செடுக்கும் மாவும் மருந்துமாக ஒரு வாடை. கண்ணாடி அறையில் வளர்ந்த பெண்ணை அங்கே கூப்பிட அவளுக்கு இத்தனை நாள் வெட்கம். “முதல் மாடிதான்.”

மகள் யோசித்தாள்.

“வரேன். ஆனா அப்பாவப் பத்திப் பேசக் கூடாது.”

“சரி.”

“சித்தியப் பத்தியும்.”

“சரி.” சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. “அப்ப என்னதான் பேசறது?”

“அதான் எனக்கும் தெரியல” என்றாள் மகள்.

லிப்ட் தரையில் வந்து நின்றது. கதவு திறந்த பிறகும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. வெளியே காத்திருந்தவர்தான் முகம் சுளித்து, நீங்கள் ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று கேட்டார்.